கலவை அறைக்குக் கடைசி இடமா?

நம் ஊர்ப் பக்கம் ரெசின் வேலை செய்கிற எந்தச் சிறு பட்டறைக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். முதலாளி முதலில் காட்டுவது புதிதாக வாங்கிய பிரஸ்ஸாக இருக்கும். அடுத்து மோல்டு, அதற்கடுத்து ஓவன், கடைசியாக ஏ.சி. போட்ட டெஸ்டிங் அறை. "ரெசினையும் பவுடரையும் எங்கே கலக்குகிறீர்கள்?" என்று கேட்டால் கொஞ்சம் தயங்குவார். பிறகு பின்பக்கம் கை காட்டுவார். அங்கே ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே ஒரு டிரம்மும் ஒரு மோட்டாரும் இருக்கும். தலை முதல் கால் வரை வெள்ளையாக மாவு படிந்த ஒரு பையன் மூட்டையைப் பிரித்துக் கொட்டிக்கொண்டிருப்பான். வேலைக்குச் சேர்ந்து பத்து நாள்தான் ஆகியிருக்கும்.

இது தலைகீழான ஏற்பாடு என்பது என் கருத்து. ரெசின் தொழிலில் நல்ல மெஷினும், நல்ல ஆளும், நல்ல காற்றோட்டமும் முதலில் போக வேண்டிய இடம் கலவை அறை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். முப்பது வருடங்களுக்கு மேல் இந்தத் தொழிலில் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன் என்பதால் இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

ரெசின் என்றவுடன் "நமக்கென்ன சம்பந்தம்?" என்று பக்கத்தைத் தள்ளிவிட வேண்டாம். குழாய் ஒழுகினால் எம்-சீல் வாங்கிப் பிசைகிறோமே, அது ரெசின்தான். கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு உருண்டைகளை எடுத்து, ஒரே நிறம் வரும் வரை விரலால் பிசையச் சொல்கிறார்கள். அவசரப்பட்டுப் பாதியில் நிறுத்தினால் என்ன ஆகும்? வரி வரியாக இருக்கும். சில இடம் கல்லாக இறுகும், சில இடம் நாள் கணக்கில் பிசுபிசுவென்றே கிடக்கும். ஆக, நாம் எல்லோருமே என்றோ ஒரு நாள் கலவை ஆபரேட்டராக இருந்தவர்கள்தான்.

நம் வயதுக்காரர்களுக்குக் கறுப்பு நிறப் பேக்கலைட் சுவிட்ச் நினைவிருக்கும். தபால் தந்தி இலாகா கொடுத்த கனமான கறுப்பு டெலிபோனும் நினைவிருக்கும். பெல்ஜியத்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய லியோ பேக்கலண்ட் 1907-ல் கண்டுபிடித்து, 1909-ல் உலகுக்கு அறிவித்த பொருள் அது. வெறும் பேக்கலைட் ரெசின் எளிதில் நொறுங்கும். அதோடு மரத்தூளைச் சேர்த்து, சூடான உருளைகளுக்கு நடுவே விட்டு ஒன்றாக்கிய பிறகுதான் அது சுவிட்சாகவும் டெலிபோனாகவும் தாக்குப்பிடித்தது. ரெசினோடு சேர்க்கும் இந்தத் தூளைத்தான் தொழிலில் ஃபில்லர் என்கிறோம்.

ஃபில்லர் என்றால் பாலில் தண்ணீர் ஊற்றுவதைப் போன்ற கலப்படம் என்று சிலர் நினைக்கிறார்கள். விலையைக் குறைக்கச் சேர்ப்பதும் உண்டுதான். ஆனால் பெரும்பாலும் அது இல்லாமல் வேலை நடக்காது. ஒரு கணக்கு சொல்கிறேன். ஒரு மீட்டர் நீளமுள்ள செம்புக் கம்பி ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 17 மைக்ரான் நீளும். வெறும் எபாக்சி ரெசின் சுமார் 60 மைக்ரான் நீளும். மின்சாரக் கருவிகளில் செம்புச் சுருளைச் சுற்றி எபாக்சி ஊற்றி இறுக வைக்கிறோம். உள்ளே இருப்பது கொஞ்சம் நீள, வெளியே இருப்பது அதிகம் நீள, இப்படிச் சூடேறி ஆறி, சூடேறி ஆறி, ஒரு நாள் விரிசல் விடும். எபாக்சியில் எடைக்கு அறுபது சதவீதத்துக்கு மேல் குவார்ட்ஸ் பவுடர் சேர்த்தால் அந்த நீட்சி ஏறக்குறைய பாதியாகக் குறையும். இறுகும்போது சுருங்குவதும் குறையும். உள்ளே பிறக்கும் சூடும் எளிதாக வெளியேறும். அலுமினா டிரைஹைட்ரேட் என்று ஒரு பவுடர் இருக்கிறது. அதைச் சேர்த்தால், தீப்பிடிக்கும் நிலை வரும்போது சுமார் 200 டிகிரியில் அது தன்னுள் இருக்கும் தண்ணீரை ஆவியாக விட்டுத் தீயை அடக்கும். ஸ்விட்ச் கியர் பாகங்களில் இதைச் சேர்ப்பதன் காரணம் அதுதான்.

இந்த நன்மைகள் எல்லாம் ஒரே ஒரு நிபந்தனையின் பேரில் கிடைக்கின்றன. பவுடர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பரவியிருக்க வேண்டும். ஒவ்வொரு துகளும் ரெசினில் நனைந்திருக்க வேண்டும்.

இங்கேதான் ரெசினுக்கும் இரும்புக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். ஃபவுண்டரிகளின் ஊர்க்காரர்களுக்கு இது சுலபமாகப் புரியும். வார்ப்பு கெட்டுப்போனால் என்ன செய்கிறோம்? உடைத்துத் திரும்ப உலையில் போடுகிறோம். கூலியும் கரியும் நஷ்டம், இரும்பு திரும்பக் கிடைத்துவிடும். பிளாஸ்டிக் வாளியும் அப்படித்தான், உருக்கி மறுபடி வார்க்கலாம். ஆனால் பேக்கலைட், எபாக்சி, பாலியெஸ்டர் போன்ற தெர்மோசெட் வகை ரெசின் ஒரு தடவை இறுகினால் இறுகியதுதான். வெந்த இட்லியைத் திரும்ப மாவாக்க முடியாது அல்லவா, அதே கதை. கலவையில் விட்ட குறையைப் பிரஸ்ஸில் சரி செய்ய முடியாது, ஓவனில் சரி செய்ய முடியாது. டெஸ்டிங் அறையில் கண்டுபிடிக்கத்தான் முடியும். அதுவும் எல்லாக் குறையையும் முடியாது.

"கலக்குவது என்ன பெரிய வித்தையா? மோட்டாரைப் போட்டால் சுற்றப்போகிறது" என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவர்களை ஒரு தடவை ராகிக் களி கிண்டச் சொல்ல வேண்டும். கொதிக்கிற தண்ணீரில் ராகி மாவை அப்படியே கொட்டினால் கட்டி தட்டும். ஒரு கட்டியை எடுத்து உடைத்துப் பாருங்கள். வெளியே வெந்து வழவழவென்று ஒரு தோல், உள்ளே காய்ந்த மாவு. எவ்வளவு வேகமாகக் கிண்டினாலும் அந்தக் கட்டி பாத்திரத்தைச் சுற்றி ஓடுமே தவிர உடையாது. நம் அம்மாக்கள் அதனால்தான் கொஞ்சம் மாவைப் பச்சைத் தண்ணீரில் முதலில் கரைத்துக்கொண்டார்கள், துடுப்பால் பாத்திரத்தின் சுவரோடு வைத்து நசுக்கினார்கள்.

ரெசினில் பவுடரைப் போடும்போது நடப்பதும் இதுவே. பவுடர் துகள்கள் தனித்தனியாக இருப்பதில்லை. ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாக இருக்கின்றன, நடுவே காற்று இருக்கிறது. அந்தக் காற்றை வெளியேற்றி ரெசின் உள்ளே நுழைய வேண்டும். கட்டி உடைய வேண்டும். உடைந்த துகள்கள் மறுபடி சேராமலும் அடியில் படியாமலும் இருக்க வேண்டும். சுற்றிவிடுவது கலக்குவது மட்டும்தான். கட்டியை உடைத்துப் பரத்துவது வேறு வேலை. முதல் வேலையைச் செய்யும் மெஷினை வாங்கி வைத்துக்கொண்டு இரண்டாவது வேலையை எதிர்பார்ப்பதுதான் முக்கால்வாசிப் பட்டறைகளின் தலைவலிக்குக் காரணம்.

சமையலறையில் நாம் இந்தத் தவறைச் செய்வதில்லை என்பதுதான் வேடிக்கை. சட்னிக்கு மிக்சி, இட்லி மாவுக்கு கிரைண்டர், சப்பாத்திக்குக் கை என்று பிரித்து வைத்திருக்கிறோம். ரெசினுக்கும் அப்படிப் பிரிவுகள் உண்டு.

மிக்சிக்குச் சமமானது ஹை ஸ்பீடு டிஸ்பெர்சர். ஒரு ஷாஃப்ட், அதன் நுனியில் ரம்பப் பல் வைத்த வட்டத் தகடு. பெயிண்ட் கம்பெனிகளில் இதுதான் பிரதானம். பிளேடின் விட்டம் டிரம்மின் விட்டத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இருக்க வேண்டும். பல்லின் நுனி வினாடிக்கு ஏறக்குறைய இருபது மீட்டர் வேகத்தில் போக வேண்டும். சரியாக அமைந்தால் மேலிருந்து பார்க்கும்போது கலவை உளுந்து வடையைப் போல நடுவில் குழிந்து, சுற்றிலும் உருண்டு உருண்டு உள்ளே போகும். அது தெரிந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

புதிதாகத் தொழில் தொடங்கும் பிள்ளைகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "சார், எத்தனை எச்.பி. மோட்டார் போடட்டும்?" என்பது. நான் திருப்பிக் கேட்பது, "தம்பி, பிளேடு எத்தனை அங்குலம்?" 1440 சுற்று ஓடும் மோட்டாரில் நேராக 4 அங்குல பிளேடை மாட்டினால் நுனி வேகம் வினாடிக்கு ஏழரை மீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். அதே சுற்றில் 8 அங்குல பிளேடு என்றால் 15 மீட்டர். அதையே 2000 சுற்றில் ஓட்டினால் 21 மீட்டர். பிளேடின் விட்டத்தை மீட்டரில் எடுத்து, 3.14-ஆல் பெருக்கி, நிமிடச் சுற்றால் பெருக்கி, 60-ஆல் வகுத்தால் இந்தக் கணக்கு வந்துவிடும். பிளேடு பெரிதானால் அதை இழுக்க மோட்டாரும் பெரிதாக வேண்டும். அதனால் எச்.பி. வேண்டாத விஷயம் இல்லை. ஆனால் அது இரண்டாவது கேள்வி.

இந்த மிக்சிக்கு ஓர் எல்லை உண்டு. கெட்டிச் சட்னியைத் தண்ணீர் விடாமல் அரைத்தால் பிளேடைச் சுற்றி ஒரு குழி விழும், மீதி ஜாரின் சுவரில் ஒட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும். கெட்டிப் பேஸ்ட்டிலும் அப்படியே. நடுவில் மட்டும் சூடாகும், ஓரத்தில் பவுடர் அப்படியே கிடக்கும். இதைப் பார்த்துவிட்டு மோட்டாரை இன்னும் பெரிதாக்குபவர்கள் உண்டு. அங்கே தேவைப்படுவது வேறு மெஷின். பிளானெட்டரி மிக்சர் என்று பெயர். பூமி தன்னையும் சுற்றிக்கொண்டு சூரியனையும் சுற்றுவது போல, இதன் பிளேடுகள் தானும் சுழலும், பாத்திரத்தையும் சுற்றி வரும். மெதுவாகத்தான் ஓடும், ஆனால் ஒரு மூலையையும் விடாது. பேக்கரியில் கேக் மாவு அடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

அம்மிக்குச் சமமானது மூன்று உருளை மில். மூன்று எஃகு உருளைகள் ஒன்றை ஒன்று ஒட்டி நிற்கும். மூன்றும் ஒரே வேகத்தில் ஓடாது. ஒன்றுக்கு மூன்று, மூன்றுக்கு ஒன்பது என்ற கணக்கில் ஓடும் அமைப்பு வழக்கமானது. வேக வித்தியாசத்தால் நடுவில் அகப்பட்ட பேஸ்ட் நசுங்கி இழுபடும். அச்சு மையும் வண்ணப் பேஸ்ட்டும் இதில்தான் வழவழப்பாகின்றன. பலன் அருமை, ஆனால் வேகம் குறைவு. திறந்த வெளியில் ஓடுவதால் ஸ்டைரீன் கலந்த பாலியெஸ்டரை இதில் விட்டால் வாசனை அறை முழுவதும் பரவும். கரடான குவார்ட்ஸைப் போட்டால் உருளை தேய்ந்துவிடும்.

பரோட்டா மாஸ்டரின் கைக்குச் சமமானது சிக்மா நீடர். இசட் எழுத்தைப் போல வளைந்த இரண்டு கனமான கரங்கள் எதிரெதிராகச் சுழன்று பிசையும். மீட்டர் பெட்டி, ஸ்விட்ச் கியர் பாகங்களுக்கான பாலியெஸ்டர் மாவை இதில்தான் பிசைகிறார்கள். அதில் கண்ணாடி இழையைக் கடைசியாகச் சேர்த்து, பரவியவுடன் நிறுத்திவிட வேண்டும். "இன்னும் பத்து நிமிடம் ஓடட்டும், நல்லதுதானே" என்று விட்டால் இழை உடைந்து துண்டு துண்டாகும். பார்வைக்கு மாவு அழகாகவே இருக்கும், பொருளின் பலம் போயிருக்கும். அதிகம் கலக்கினால் நல்லது என்பது எப்போதும் உண்மையல்ல. பேஸ்ட் வழியாமல் நிற்பதற்காகச் சேர்க்கும் ஃப்யூம்டு சிலிக்காவையும் அளவுக்கு மீறி அடித்தால் நிற்கும் குணம் குறைந்துவிடும்.

நம்மூர் வெட் கிரைண்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றுகிறது. இட்லி மாவுக்காகக் கோவையில் செய்யும் கிரைண்டரை, அமெரிக்காவில் சிறிய அளவில் சாக்லேட் தயாரிப்பவர்கள் வாங்கிக் கொக்கோ அரைக்கிறார்கள். அவர்கள் மெஷினின் பெயரைப் பார்க்கவில்லை. கல்லும் கல்லும் உராயும் இடத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள். பட்டறைக்கு மிக்சர் வாங்குபவரும் அப்படிப் பார்த்தால் போதும்.

அடுத்து காற்று. பவுடரோடு சேர்ந்து உள்ளே போன காற்றை வேக்குவம் வைத்து எடுக்காவிட்டால் பொருளுக்குள் குமிழி நின்றுவிடும். பூந்தொட்டியில் குமிழி இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. 11,000 வோல்ட் லைனில் மாட்டும் கரன்ட் டிரான்ஸ்ஃபார்மருக்குள் இருந்தால் கதை வேறு. சுற்றியுள்ள ரெசினைவிடக் குமிழிக்குள் மின்னழுத்தத்தின் தாக்கம் அதிகம், அதைத் தாங்கும் சக்தியோ காற்றுக்குக் குறைவு. உள்ளுக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியாத சிறு சிறு பொறிகள் உண்டாகி, கறையான் அரிப்பது போல ரெசினை அரித்துக்கொண்டே போகும். சில காலம் கழித்து ஒரு மழை இரவில் அது வெடிக்கும். லைன்மேன் வந்து பார்த்து "மால் சரியில்லை" என்பார். ஆனால் அந்த வெடிப்பு எப்போதோ ஒரு நாள் கலவை அறையில் வேக்குவம் பம்ப்பைச் சீக்கிரம் நிறுத்தியபோதே தொடங்கிவிட்டது.

இதுவரை பொருளைப் பற்றிச் சொன்னேன். என்னை இதை எழுத வைத்தது அந்தப் பின்பக்கத்து ஆளைப் பற்றிய கவலை.

குவார்ட்ஸ் பவுடர் என்பது படிகச் சிலிக்கா. மூட்டையைத் தலைகீழாகக் கவிழ்க்கும்போது எழும்பும் வெள்ளைப் புகை கண்ணுக்குத் தெரியும். தெரியாத பகுதிதான் ஆபத்தானது. சில மைக்ரான் அளவே உள்ள அந்தத் தூசி நுரையீரலின் அடி வரை போய்த் தங்கிவிடும். அங்கே தழும்பு கட்டும். அதுதான் சிலிகோசிஸ். ஒரு முறை வந்தால் அதைக் குணமாக்கும் மருந்து இல்லை. வேலையை விட்ட பிறகும் நோய் வளரக்கூடும். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே இதை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில் நோய்களின் பட்டியலில் சேர்த்தது. படிகச் சிலிக்காத் தூசி மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1997-ல் வகைப்படுத்தியது. இதெல்லாம் இரகசியமான செய்திகள் அல்ல.

நான் வேலை பார்த்த இடங்களில் ஒன்றில் கலவை அறையில் ஒருவர் பல வருடங்கள் இருந்தார். ஊரையோ கம்பெனியையோ சொல்லப்போவதில்லை. வாயில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு மூட்டை பிரிப்பார். மாலையில் கம்ப்ரஸர் காற்றைப் பிடித்து உடம்பில் இருக்கும் பவுடரை ஊதிக்கொண்டு வீட்டுக்குப் போவார். நாற்பது வயதைத் தாண்டியதும் மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. காசநோய் என்று மருந்து கொடுத்தார்கள், மாதக்கணக்கில் சாப்பிட்டார். குறையவில்லை. கடைசியில் ஒரு டாக்டர்தான், "என்ன வேலை செய்யறீங்க?" என்று கேட்டார். அதுவரை யாரும் அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. பிறகு அவரை கேட்டில் உட்கார வைத்தார்கள். கம்பெனி ரெக்கார்டில் அவர் ஹெல்பராகவே சேர்ந்து ஹெல்பராகவே போனார்.

அவருடைய வேலையை ஹெல்பர் வேலை என்று சொன்னதை நான் அன்றும் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை. ரெசின் எந்தச் சூட்டில் இருக்கிறது, பவுடர் ஈரம் வாங்கியிருக்கிறதா, எவ்வளவு வேகத்தில் கொட்டலாம், எப்போது ஹார்டனரைச் சேர்க்கலாம் என்று கண்ணாலும் கையாலும் தீர்மானிக்கிற ஆள் அவர். கலக்கக் கலக்கச் சூடு ஏறும். சூடு ஏறினால் ஹார்டனர் சேர்த்த பிறகு கிடைக்கும் நேரம் குறையும். சிறிய கிண்ணத்தில் அரைமணி நேரம் தாங்கிய கலவை, பெரிய டிரம்மில் தன் சூட்டிலேயே புகைந்து கல்லாகிவிடக்கூடும். பாலியெஸ்டர் வேலையில் இன்னொன்று இருக்கிறது. கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் எம்.இ.கே.பி. பெராக்சைடையும் நேரடியாக ஒன்றோடொன்று சேர்த்தால் வெடிக்கும். ஒன்றை ரெசினில் நன்றாகக் கலந்த பிறகுதான் மற்றதைத் தொட வேண்டும். இரண்டு கேனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டுக்கும் ஒரே அளவுக் குவளையைக் கொடுத்து, பத்து நாள் பையனை நிறுத்துவது சரியா?

"எல்லாம் சரிங்க, நாங்க சின்னப் பட்டறை. கோடிக்கணக்கில் மெஷின் வாங்க எங்கே போறது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நான் சொல்வதில் பெரும்பகுதிக்குக் கோடி வேண்டாம், வரிசையை மாற்றினால் போதும்.

முதலில் ஒரு நல்ல தராசு. ரெசினையும் ஹார்டனரையும் கண்ணளவில் ஊற்றும் பழக்கம் ஒழிய வேண்டும். அடுத்து, மோட்டாருக்கு வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ். பவுடர் சேர்க்கும்போது மெதுவாகவும், நனைந்த பிறகு வேகமாகவும் ஓட்ட அது வேண்டும். பவுடரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கெட்டியாக வைத்து அடித்துவிட்டு, மீதி ரெசினைப் பிறகு சேர்த்துத் தளர்த்துவது நல்ல முறை. சட்னிக்குத் தண்ணீர் விடும் அதே பக்குவம்தான். சரியான அளவு பிளேடு, டிரம்மின் வாயில் தூசியை இழுக்கும் ஒரு ஹூட், மூடியைத் திறந்தால் நின்றுவிடும் ஒரு சுவிட்ச். அந்தச் சுவிட்ச் இல்லாமல் சுழலும் ஷாஃப்ட்டுக்குப் பக்கத்தில் துண்டு போட்ட ஆளை நிறுத்தவே கூடாது. கைக்குட்டைக்குப் பதிலாக முகத்தில் சரியாகப் பொருந்தும் தூசி மாஸ்க். தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைப்பது. கம்ப்ரஸர் காற்றால் உடம்பை ஊதுவதை அடியோடு நிறுத்துவது. கடைசி இரண்டுக்கும் செலவே இல்லை.

பிறகு சோதனை. மெல்லிய பேஸ்ட்டுக்கு ஹெக்மன் கேஜ் என்ற சிறு எஃகுக் கட்டை இருக்கிறது. ஒரு முனையில் 100 மைக்ரான் ஆழத்தில் தொடங்கி மறுமுனையில் பூஜ்யமாக முடியும் ஒரு பள்ளம் அதில் இருக்கும். பேஸ்ட்டை வைத்து இழுத்தால், எந்த ஆழத்தில் துகள்கள் தலைகாட்டுகின்றன என்று கண்ணால் பார்த்துவிடலாம். கரடான குவார்ட்ஸ் கலவைக்கு அது உதவாது. அதற்கு, இறுகிய ஒரு துண்டைக் குறுக்கே அறுத்து மேல் பாதியையும் கீழ்ப் பாதியையும் தனித்தனியாக அடர்த்தி பாருங்கள். இரண்டும் வேறுபட்டால் பவுடர் அடியில் படிந்திருக்கிறது. ஒவ்வொரு பேட்ச்சுக்கும் சூடு, நேரம், வேகம் எழுதும் ஒரு நோட்டு வேண்டும். எழுதுகிறவர் கலக்குகிறவராகவே இருக்க வேண்டும்.

மிக்சர் வாங்குமுன் உங்கள் ரெசினையும் உங்கள் பவுடரையும் எடுத்துக்கொண்டு மெஷின் செய்கிற இடத்துக்கே போய் ஓட்டிப் பாருங்கள். பெண் பார்க்கப் போகாமல் போட்டோவை மட்டும் பார்த்துக் கல்யாணம் முடிப்பவர்கள் உண்டா? கேட்லாக்கைப் பார்த்து மிக்சர் வாங்குவது அதுதான். அதில் எவ்வளவு கெட்டியான மாலை ஓட்டலாம், குறைந்தபட்சம் எத்தனை லிட்டர் இருந்தால் பிளேடு மூழ்கும் என்றும் கேளுங்கள். 100 லிட்டர் மெஷினில் 15 லிட்டர் கலக்க முடியாது.

"நாங்கள் ஃபில்லர் கலந்த ரெசினையே வாங்கிவிடுகிறோம், இந்தத் தொல்லையே இல்லை" என்பவர்களும் இருக்கிறார்கள். நல்ல யோசனை. தூசியும் பெரும்பாலும் போய்விடும். ஆனால் அந்த டிரம் கோடவுனில் இரண்டு மாதம் நின்றால் பவுடர் அடியில் போய் உட்கார்ந்துவிடும். மேலாக எடுத்து ஊற்றியது ரெசின் மட்டும், அடியில் மிஞ்சியது கல். திறந்தவுடன் அடிவரை கிளறிச் சீராக்காமல் ஒரு சொட்டும் எடுக்கக் கூடாது. ஆக, அப்போதும் ஒரு கலக்குகிற ஆள் வேண்டும், அவருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

கடைசியாகச் சம்பளம். பிரஸ் ஆபரேட்டருக்கு ஒரு கிரேடு, மோல்டு ஃபிட்டருக்கு அதற்கு மேல் ஒரு கிரேடு என்று வைத்திருக்கிறோம். கலவை ஆபரேட்டருக்கு அவர்களுக்குச் சமமான கிரேடு கொடுங்கள். வருடம் ஒரு முறை மார்பு எக்ஸ்ரேயும் மூச்சுப் பரிசோதனையும் எடுத்து, அதன் நகலை அவர் கையில் கொடுங்கள். இப்படிச் செய்தால் ஆட்கள் அந்த அறையைத் தண்டனை இடமாகப் பார்க்க மாட்டார்கள். ஒருவர் பத்து வருடம் அங்கேயே இருந்து தேர்ச்சி பெறுவார். ரிஜெக்ஷன் குறைவதைக் கணக்குப் புத்தகத்திலேயே பார்ப்பீர்கள்.

இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களில் பலரின் மகனோ மருமகனோ பேரனோ ஏதாவது ஒரு பட்டறை நடத்திக்கொண்டிருப்பார்கள். நாம் சொன்னால் கேட்பார்களா என்பது வேறு விஷயம். ஆனாலும் சாப்பாட்டு நேரத்தில் மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். கலக்குகிற ஆள் வேலைக்குச் சேர்ந்து எத்தனை வருடம் ஆகிறது? அவருக்குக் கடைசியாக எக்ஸ்ரே எப்போது எடுத்தீர்கள்? பவுடர் கொட்டும் இடத்தில் தூசியை இழுக்க என்ன வைத்திருக்கிறீர்கள்? மூன்றில் ஒன்றுக்காவது பதில் வராவிட்டால், புதுப் பிரஸ்ஸுக்குக் கொடுக்கவிருக்கும் அட்வான்ஸை இரண்டு மாதம் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். அந்தப் பணத்துக்கு முதல் வேலை அங்கே இருக்கிறது.